பாட்டோடு சேதியும் வேண்டும்

கணவன் போர்முனையில் இருக்கும்போது மனைவி என்ன செய்வது என்ற கேள்விக்கு இப்போது எங்கும் ஒரே விடைதான் கிடைக்கிறது. வீட்டுக்குள் முடங்காதே, தோழிகளோடு சேர், பாடு, நாளை நிரப்பிக்கொள். இந்த விடையை உலகப் புகழாக்கியது இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள சிவனர் படைத்தளம். 2011-இல் அங்கிருந்த வீரர்கள் ஆப்கானிஸ்தானுக்குப் போயிருந்த வேளையில், கரத் மலோன் என்ற இசை நடத்துநர் அவர்களின் மனைவியரைக் கூட்டிப் பாடகர் குழாம் ஒன்றை உருவாக்கினார். பிபிசி அதைத் தொடராகக் காட்டியது. தம்பதியர் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து சொற்களை எடுத்துப் பால் மீலர் இசையமைத்த பாட்டு, அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரிட்டனின் இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2019-இல் திரைப்படமும் வந்தது. பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள்.

எங்கள் மன்னார்க் கரையிலும் இதே விடை வேறு பெயரில் புழங்குகிறது. 2009-இல் போர் முடிந்த பிறகு உளசமூகப் பணி என்று வடக்குக்கு வந்த பல அமைப்புகள், கணவன் திரும்பாத பெண்களைக் கூட்டிப் பாட்டு, கூத்து, கும்மி, கைவேலை என்று செயலமர்வுகள் நடத்தின. பொதுநோக்கு மண்டபத்தில் பாய் விரிப்பார்கள். ஒரு மத்தளம் வரும். மதியச் சாப்பாடு பார்சலில் வரும். முடிவில் வளவாளர், "இப்ப மனசு லேசா இருக்கா?" என்று கேட்பார். பெண்கள் ஓம் என்பார்கள். அந்த ஓம் அறிக்கையில் ஏறும். இந்தப் பழக்கத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் அண்மைக் காலமாக இலக்கியத்தையும் துணைக்கு அழைக்கிறார்கள். சங்கத் தலைவி பாசறைக்குப் போனவனை எண்ணி இருந்தபோது தோழியும் யாழும்தானே அவளைத் தேற்றின, நாங்கள் செய்வது நம் மரபின் தொடர்ச்சிதானே என்கிறார்கள். அந்த வாதம் தவறு. தவறு என்று நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். இம்முறை விரித்தே எழுதுகிறேன்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியவை. பாட்டு பயன் தரும். தனியே இருக்கிற பெண்ணுக்கு இன்னொரு குரலோடு தன் குரலைச் சேர்க்கும் நேரம் மூச்சு விடும் நேரம். மன்னார்த் தோட்டவெளியில் தவக்காலத்து வெள்ளிகளில் வியாகுலம் பாடக் கேட்டவர்களுக்கு இதை நிறுவிக் காட்ட வேண்டியதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் சாங்கோபாங்க சுவாமி எழுதிய வியாகுலப் பிரசங்கம் இன்றும் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் நிலைத்திருக்கிறதென்றால், சேர்ந்து அழுவதற்கு ஒரு இராகம் வேண்டியிருக்கிறது என்பதுதான் காரணம். கணவன் இல்லாத பெண்ணை நல்ல காரியங்களிலிருந்து ஒதுக்கிவைக்கும் ஊரில், "வா, வந்து பாடு" என்று ஒருவர் அழைப்பதே பெரிய காரியம். செயலமர்வுகளில் தொடங்கிய நட்புகள் பிறகு சீட்டுப் பிடிப்பதிலும் பிள்ளைகளின் படிப்பிலும் துணையாக நின்றிருக்கின்றன. இவை எல்லாம் உண்மை.

என் மறுப்பு ஒன்றுதான். பாட்டும் தோழமையும் காத்திருப்பவளுக்குச் சேர வேண்டிய சேதியின் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டன. அவனை அனுப்பியவர்கள், கொண்டுபோனவர்கள், பொறுப்பெடுத்தவர்கள் கொடுக்க வேண்டிய பதிலை யாரும் கேட்பதில்லை. அவளுடைய மனம்தான் சரிசெய்யப்பட வேண்டிய பொருளாகிவிட்டது.

சிவனரில் அந்தப் பாட்டு ஏன் எடுபட்டது என்று பாருங்கள். அங்கே போன வீரர்களின் பணிக்காலம் பொதுவாக ஆறு மாதம். திரும்பும் மாதம் வீட்டு நாள்காட்டியில் குறிக்கப்பட்டிருந்தது. அதைவிட முக்கியமானது, அந்தக் குழாத்தின் பின்னால் பார்வைக்குத் தெரியாமல் நின்ற ஓர் ஏற்பாடு. களத்தில் யாருக்காவது ஆபத்து நேர்ந்தால், குடும்பத்துக்கு அறிவிக்கும் வரை அந்த முகாமிலிருந்து வீட்டுக்குப் போகும் தொலைபேசியும் இணையமும் நிறுத்தப்படும். வதந்தி முந்திக்கொள்ளக் கூடாது என்பதற்காக அந்த விதி. மனைவி முதலில் அறிய வேண்டும், அதையும் வாசலுக்கு வந்து நின்று சொல்லும் ஒரு மனிதரின் வாயால் அறிய வேண்டும். தொலைபேசி திடீரென்று ஊமையானால் தளத்துப் பெண்கள் எல்லாரும் நடுங்குவார்கள். ஆனாலும் ஒன்று அவர்களுக்கு நிச்சயம்: யாருக்கோ ஏதோ நடந்திருக்கிறது, அது யார் என்று தெரிந்துவிடும். செய்தி தருவோம் என்று தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்ட ஒரு படைக்கு முன்னால் நின்று அந்தப் பெண்கள் பாடினார்கள். அந்தக் கட்டுப்பாட்டைத் திரைப்படத்தில் வியந்தவர் எவருமில்லை. பாட்டை மட்டும் பார்த்தோம், அதை மட்டும் இறக்குமதி செய்தோம்.

இனி மரபுக்கு வருகிறேன். நக்கீரரின் நெடுநல்வாடை 188 அடி. குளிர் இறங்கிய ஓர் ஊரைச் சொல்லிக்கொண்டு வருகிறார். ஆடல் மகளிர் யாழை எடுக்கிறார்கள். குளிரில் நரம்பு சுருதி குலைந்து கிடக்கிறது. மார்பின் வெம்மையில் அதைத் தடவிச் சூடேற்றிப் பண்ணுக்கு ஏற்ப நிறுத்துகிறார்கள். இசையைப் பற்றி இவ்வளவு அருகிலிருந்து எழுதிய கவிஞர், அதற்கு அடுத்த அடியில் வைப்பது காதலரைப் பிரிந்தவர்களின் புலம்பலை. யாழ் பண்ணிவிட்டது, பிரிந்தவர் புலம்புகிறார்கள். இரண்டும் ஒரே இரவு, ஒரே ஊர், பக்கத்துப் பக்கத்து அடிகள். ஒன்று மற்றொன்றைத் தணித்ததாக ஒரு சொல்லும் இல்லை. அரசன் போர்முனையில் இருக்க, தனித்திருக்கும் அரசியின் அறைக்குள் அந்த யாழிசை வந்ததாகவும் அவர் சொல்லவில்லை.

அறைக்குள் யார் இருக்கிறார்கள்? தோழியர் மெல்ல அடி வருடுகிறார்கள். நரை கலந்த கூந்தலுடைய செவிலியர் சிறிய கதையும் நெடிய கதையுமாகச் சொல்லிப் பார்க்கிறார்கள், இதோ வந்துவிடுவார் என்கிறார்கள். இன்றைய செயலமர்வின் நிகழ்ச்சி நிரல் முழுவதும் அந்தக் கட்டிலைச் சுற்றியே இருக்கிறது. அரசி என்ன செய்கிறாள்? ஏற்க மறுக்கிறாள். மேலும் அழுகிறாள். மேற்கட்டியில் எழுதியிருக்கும் ஓவியத்தில் திங்களைப் பிரியாத உரோகிணியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். கடைக்கண்ணில் நிற்கும் துளியை விரலால் எடுத்துத் தெறிக்கிறாள். தேற்றுதல் தோற்றதை இவ்வளவு நுணுக்கமாக எழுதிய பாட்டைத் தேற்றுதலுக்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள் அதைப் படித்துத்தான் பேசுகிறார்களா?

அதற்குப் பிறகு நக்கீரர் செய்வதுதான் என் வாதத்துக்குத் தேவையானது. அவர் நம்மைப் பாசறைக்குக் கூட்டிப்போகிறார். நள்ளிரவில், வாடையில் விளக்குச் சுடர் சாய, அரசன் உறங்காமல் வெளியே வந்து காயம்பட்ட வீரரைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். அரசிக்குக் கிடைக்காத சேதி நமக்குக் கிடைக்கிறது. அவளுடைய துயரத்துக்கு மருந்து எங்கே இருக்கிறது என்பது புலவருக்குத் தெரியும். அது யாழில் இல்லை, பாசறையில் இருக்கிறது.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டு இன்னும் தெளிவு. 103 அடிகளே உள்ள அந்தப் பாட்டில் முதிய பெண்கள் தலைவியின் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசவில்லை. மாலையில், மழையில், காவல் மிக்க ஊரைத் தாண்டிப் புறத்தே போகிறார்கள். நாழியில் கொண்டுபோன நெல்லோடு முல்லை மலரையும் தூவி வணங்கி, நற்சொல் கேட்டு நிற்கிறார்கள். கட்டப்பட்ட கன்று தாயைத் தேடித் தவிக்கிறது. ஆயர் மகள் ஒருத்தி குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு, உன் தாய் இப்போதே வந்துவிடும் என்று அதற்குச் சொல்கிறாள். அந்தச் சொல்லை நன்னிமித்தமாக எடுத்துக்கொண்டு அவர்கள் திரும்புகிறார்கள். நிமித்தத்தை நம்புவதா இல்லையா என்பது வேறு கேள்வி. அந்தக் காலத்தில் சேதிக்கு இருந்த வழி அது ஒன்றுதான். அந்த வழியில் நடக்க அவர்கள் எழுந்து போனார்கள் என்பதைக் கவனியுங்கள். தோழமையின் வேலை அங்கே காலால் செய்யப்படுகிறது. அவர்கள் கொண்டுவந்த நற்சொல்லையும் தலைவி முழுதாக ஏற்கவில்லை என்று புலவர் நேர்மையாகவே சொல்கிறார். படை திரும்பி வருகிற ஒலி காதில் விழும்போதுதான் பாட்டு முடிகிறது.

அகப்பாடல் மரபில் தோழி யார் என்பதையும் மறந்துவிட்டோம். தலைவனிடம் போய் எப்போது வரைந்துகொள்வாய் என்று கேட்பவள் அவள். வெறியாட்டு நடத்தி மகளின் நோயைத் தீர்க்கப் பார்க்கும் வீட்டாரிடம், இது முருகனால் வந்தது இல்லை என்று உண்மையை எடுத்துச் சொல்பவள் அவள். அறத்தொடு நிற்றல் என்று அதற்கு இலக்கணம் பெயர் வைத்திருக்கிறது. தலைவி தன் வாயால் கேட்க முடியாததை, கேட்க வேண்டிய இடத்தில் கேட்பவள் தோழி. அவளைப் பொழுதுபோக்குத் துணையாகச் சுருக்கிவிட்டு, அதற்கு மரபு என்று பெயர் சொல்வது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு வேறுபாடும் உண்டு. முல்லைத் தலைவியின் காத்திருப்புக்குத் தவணை உண்டு. கார் தொடங்கும்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். வானமே நாள்காட்டி. அந்தத் தவணையின் பலத்தில்தான் ஆற்றியிருத்தல் என்ற ஒன்று சாத்தியமாகிறது. நெய்தல் நிலமாகிய கடற்கரைக்குத் தொல்காப்பிய மரபு கொடுத்தது இருத்தலை அன்று, இரங்கலை. சிவனர்ப் பெண்களுடையது முல்லைக் காத்திருப்பு. மன்னார்ப் பெண்களுடையது நெய்தல். ஒன்றுக்கு ஏற்ற பழக்கத்தை மற்றதற்குப் பூசிவிட்டு, ஏன் இவர்கள் தேறவில்லை என்று அறிக்கையில் வியக்கிறோம்.

எங்கள் பக்கத்துக் காத்திருப்பு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். 1990-க்குப் பிறகு மன்னார்த் தீவு இராணுவத்தின் கையில், பெருநிலத்தின் உட்பகுதிகள் நெடுங்காலம் புலிகளின் கையில். நடுவே தள்ளாடி முகாம், உயிலங்குளம் சோதனைச்சாவடி. மனைவி இந்தப் பக்கம், கணவன் அந்தப் பக்கம் என்று இருந்த குடும்பங்கள் உண்டு. செஞ்சிலுவைச் சங்கத்தின் திறந்த தாளில், படிக்கப்போகும் எல்லாருக்கும் பொதுவான நாலு வரி வரும். சுகம், நீங்கள் சுகமா. அந்த நாலு வரியை எத்தனை தடவை மடித்து விரித்திருப்பார்கள்! சமாதான காலம் முறிந்த பிறகு வன்னியில் புலிகள் வீட்டுக்கு ஓர் ஆள் என்று பிடித்துப்போனார்கள். தாலி கட்டினால் விடுவார்கள் என்று நம்பி அவசரமாகக் கட்டிவைக்கப்பட்ட பிள்ளைகளும் தப்பவில்லை. 2007-இல் மடுப் பக்கமாகத் தொடங்கிய படை நடவடிக்கை 2008-இல் அடம்பனையும் விடத்தல்தீவையும் தாண்டி, சனத்தையும் சேர்த்து முள்ளிவாய்க்கால் வரை தள்ளிக்கொண்டு போனது. 2009 மே மாதம் வட்டுவாகலில் தங்கள் கணவன்மாரைத் தாங்களே கொண்டுபோய் இராணுவத்திடம் கையளித்த பெண்கள் இருக்கிறார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அந்த விசாரணை இன்னும் முடியவில்லை.

இந்த ஆண்டுகள் முழுவதும் பாட்டுக்குக் குறைவிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வன்னியில் இயக்கப் பாட்டு ஒலிபெருக்கியில் ஓடியது. தெற்கில் ரணவிரு என்று படைவீரனைப் போற்றும் பாட்டு வானொலியில் ஓடியது. இரண்டும் பெண்ணைப் பார்த்து ஒன்றையேதான் சொன்னன: பெருமைப்படு, கண்ணீரைத் துடை, கேள்வி கேளாதே. அனுப்பியவர்களின் கையில் இசை போனால் அது என்ன வேலை செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதனால்தான் துயரப்படும் பெண்ணின் முன்னால் மத்தளத்தோடு யாராவது வந்து உட்காரும்போது எனக்கு முதலில் அச்சம் வருகிறது.

அப்படியொரு கூட்டத்தை அருகிலிருந்து பார்த்தேன். தொடங்குமுன் கைத்தொலைபேசிகளை ஒரு கூடைக்குள் போடச் சொன்னார் வளவாளர். இடையூறு இல்லாமல் மனதை ஒருமுகப்படுத்தத்தான். எல்லாரும் போட்டார்கள். ஓர் அக்கா மட்டும் கொடுக்கவில்லை. மூடி கழன்று இறப்பர் பட்டியால் கட்டிய பழைய பொத்தான் போன். "தங்கச்சி, இந்த நம்பர்தான் அவருக்குத் தெரியும். பிள்ளைகள் புதுப் போன் வாங்கித் தந்தும் நான் நம்பரை மாத்தேல்ல" என்றார். வளவாளர் இளம்பிள்ளை, நல்ல பிள்ளை. அன்போடுதான் பதில் சொன்னார்: "அக்கா, ரெண்டு மணித்தியாலம்தானே. உங்களுக்காக இந்த ரெண்டு மணித்தியாலத்தை வச்சுக்கொள்ளுங்கோ." அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு பாடினார். நல்ல குரல். நடுவே ஒரு தடவை அது அதிர்ந்தது. ஏதோ விளம்பரக் குறுஞ்செய்தி. எடுத்துப் பார்த்துவிட்டு, விட்ட அடியிலிருந்து பாட்டைத் தொடர்ந்தார். கூட்டம் முடிந்தபின் கலந்துரையாடலில் இது பேசப்பட்டது. பங்குபற்றியவர்களில் ஒருவர் இன்னும் "விட்டுவிடக் கற்றுக்கொள்ளவில்லை" என்றார்கள். அந்த நம்பர் எந்த அலுவலகத்தின் கோப்பில் இருக்கிறது, கடைசியாக அந்த மனிதரைக் கண்டது யார், எந்த ஆணைக்குழுவில் அக்கா முறைப்பாடு கொடுத்திருக்கிறார், பதில் வந்ததா என்று அந்த மண்டபத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

இந்தப் பெண்களின் சிக்கல் நேரம் போகாததாக இருந்ததே இல்லை. விடியுமுன் தண்ணீர், பிள்ளைகள், கடற்கரையில் கருவாடு காயவைப்பது, தும்பு வேலை, கூலி வேலை, பிரதேச செயலகத்துக்கு அலைச்சல் என்று அவர்களுடைய நாள் எங்கள் எல்லாருடைய நாளையும்விட நிறைந்தது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நவம்பர் 2-ஆம் திகதி சகல ஆத்துமாக்கள் தினம். பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆத்தும இளைப்பாற்றிக்கு என்று எழுதினால் அவரைக் கொன்றவள் தான் என்று ஆகிவிடும். எழுதாமல் விட்டால், செத்திருந்தால் செபம் இல்லாமல் கிடப்பார். தோட்டவெளியில் 1544-இல் கொல்லப்பட்ட வேதசாட்சிகளுக்கு ஆலயம் இருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் இறந்தது உறுதி, அதனால் நினைவுகூர முடிகிறது. கணவனுக்கு அதுவும் முடியவில்லை. காணிப் பத்திரம் அவர் பெயரில். வங்கிக் கணக்கு அவர் பெயரில். பிள்ளையின் கல்யாணப் பத்திரிகையில் தகப்பன் பெயருக்கு முன்னால் அமரர் என்று போடுவதா? இவற்றில் எந்தக் கேள்விக்கு எந்தப் பாட்டு விடை சொல்லும்?

அமெரிக்கக் குடும்ப உளச்சிகிச்சையாளர் போலின் பாஸ் 1970-களில் ஆராய்ந்ததே போரில் காணாமற்போன படைவீரர்களின் குடும்பங்களைத்தான். முடிவு தெரியாத இழப்பு என்ற கருத்தை உருவாக்கியவர் அவர். அவர் அழுத்திச் சொன்னது, நோய் அந்தப் பெண்ணுக்குள் இல்லை, அவள் வைக்கப்பட்டிருக்கும் நிலைமையில் இருக்கிறது என்பது. குடும்பங்கள் கூடிப் பேசுவதை அவரும் ஆதரித்தார் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் உளசமூகப் பயிற்சிகளில் அவர் பெயர் சொல்லப்படுகிறபோது இரண்டாவது பாதி மட்டும் சொல்லப்படுகிறது. நிலைமையைத் தொடாமல் பெண்ணை மட்டும் தொடுகிற வேலைக்கு அவருடைய ஆய்வைச் சான்றாகக் காட்ட முடியாது.

தோழிகள் கூடினால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அதே காலத்து எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 1965 செப்டெம்பரில் வியட்நாமில் விமானம் சுடப்பட்டுப் பிடிபட்ட அமெரிக்க விமானி ஜேம்ஸ் ஸ்டொக்டேலின் மனைவி சிபில் ஸ்டொக்டேல். அவரைப் போன்ற பெண்களுக்கு அரசு சொன்னது, அமைதியாக இருங்கள், வெளியே பேசாதீர்கள் என்பது. அவர் தன்னைப் போன்ற மனைவியரை வீட்டுக்கு அழைத்தார். சேர்ந்து சாப்பிட்டார்கள், பேசினார்கள். இதுவரை எல்லாம் நாம் போற்றும் பழக்கம்தான். அந்தப் பேச்சில் ஒருவருக்குக் கிடைத்த கடிதத்தை மற்றவர் கடிதத்தோடு வைத்துப் பார்த்தார்கள், அதிகாரிகள் ஒவ்வொருவருக்கும் சொன்னதை ஒப்பிட்டார்கள். 1968-இல் அமைதியை உடைத்துப் பத்திரிகையில் பேசினார். 1970-இல் அது நாடளாவிய குடும்பங்களின் சங்கமாயிற்று. அரசு தன் கொள்கையை மாற்ற வேண்டி வந்தது.

நம் நாட்டிலும் ஒன்று உண்டு, அதைத் தமிழர்கள் அதிகம் பேசுவதில்லை. 1998 செப்டெம்பர் கிளிநொச்சிச் சண்டையில் அறுநூறுக்கு மேற்பட்ட இராணுவத்தினர் காணாமற்போனார்கள். அதில் ஒருவருடைய தாய் விசாகா தர்மதாச. பெருமைப்படுங்கள் என்று சொல்லப்பட்ட இடத்தில் அவர் நிற்கவில்லை. மற்றப் பெற்றோரைத் திரட்டினார். ஒவ்வொரு படைவீரனும் கழுத்தில் அடையாளத் தகடு அணிவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று போராடினார். பிறகு அந்தப் பெண்கள் புலிகளின் பகுதிக்கே போய் அவர்களோடு பேசினார்கள். ஒரு தகடு, அதில் ஓர் எண். அந்தத் தகடு செய்யக்கூடியதை ஆயிரம் ஆறுதல் கூட்டங்கள் செய்யமாட்டா. செஞ்சிலுவைக் குழுவிடம் 1990 முதல் பதிவான காணாமற்போனோர் 16,000-க்கு மேல். அதில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் பாதுகாப்புப் படையினர். அனுராதபுரத்து வீட்டில் ஒருத்தியும் தோட்டவெளி வீட்டில் ஒருத்தியும் ஒரே கேள்வியோடு இருக்கிறார்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதை அறிவேன். ஆற்றுப்படுத்துபவர் விசாரணை அதிகாரி அல்லர், அவரிடம் பதில் இல்லை, பதில் வரும் என்று சொல்லிப் பொய்நம்பிக்கை வளர்க்கலாமா என்கிறார்கள். பொய்நம்பிக்கை வளர்க்கச் சொல்லவில்லை. கேள்வியைக் கூட்டத்துக்கு வெளியே நிறுத்தாதீர்கள் என்கிறேன். அரசியல் கலக்கக் கூடாது என்று நிதி கொடுப்பவர்கள் நிபந்தனை போடுகிறார்கள் என்றும் சொல்கிறார்கள். கணவன் எங்கே என்ற மனைவியின் கேள்வி அரசியல் என்றால், அந்தக் கேள்வியை விலக்கிவைக்கும் பாட்டும் அரசியல்தான். ஒரு தரப்பின் அரசியல்.

இந்த மாவட்டத்துக்கு வேறு வழி தெரியும். 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை அதன் முன் வைத்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 ஒக்டோபரில் வன்னியில் அரச அதிகாரிகள் கணக்கெடுத்த சனம் 4,29,059. 2009 யூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 2,82,380. மிச்சம் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது? மேய்ப்பர் அவர். ஆறுதல் சொல்லும் கடமை அவருக்கு மற்ற எவரையும்விடக் கூடுதல். அவர் அந்த ஆணைக்குழுவின் முன் கேட்டது எண்ணிக்கை. 2021 ஏப்ரல் முதலாம் திகதி அவர் இறக்கும்வரை அந்தக் கணக்குக்கு யாரும் விடை தரவில்லை.

2017 பெப்ரவரி 20-ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமற்போனோரைக் கேட்டுக் குந்திய பெண்களும் தோழிகள்தான். கொட்டிலில் சேர்ந்து சமைத்தார்கள், சேர்ந்து படுத்தார்கள், ஒப்பாரி வைத்தார்கள். அங்கே தோழமையும் இருந்தது, பாட்டும் இருந்தது. இரண்டும் கையில் படத்தோடு, தெருவைப் பார்த்து இருந்தன. அந்தக் கொட்டில் உள்ளத்தைக் குணப்படுத்தும் இடம் என்று எந்த அறிக்கையும் எழுதவில்லை. எனக்கு அதுதான் முல்லைப்பாட்டின் முதிய பெண்கள் போன வழி. அவர்களில் பலர் பதில் கிடைக்காமலேயே இறந்துவிட்டார்கள். அதைச் சொல்லி அந்த வழி பயனற்றது என்பவர்கள், பதில் தராதவர்களிடம் கேட்க வேண்டியதை, பதில் கேட்டவர்களிடம் கேட்கிறார்கள்.

2016-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போனோர் அலுவலகம் வந்தது. 2018 மே மாதம் அது மக்களைச் சந்திக்க முதலில் வந்த மாவட்டம் மன்னார். பிறகு மாதம் 6,000 ரூபாய் என்றார்கள், அதற்குப் பிறகு ஒரு தொகை தருகிறோம் என்றார்கள். காசு வாங்கினால் ஆள் செத்ததாக ஆகிவிடுமோ என்று தயங்கும் பெண்களிடம், மண்டபத்துக்குள் வந்து பாடுங்கள் என்கிறோம்.

இந்தக் கூட்டங்களை நடத்துகிறவர்கள் எங்கள் பிள்ளைகள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். மத்தளத்தை விட வேண்டாம். அதோடு ஒரு கொப்பியும் கொண்டுவாருங்கள். ஒவ்வொருவருக்கும் அவருடைய பெயர், கடைசியாகக் கண்ட இடம், திகதி, கையளித்திருந்தால் யாரிடம், இதுவரை எந்தெந்த அலுவலகத்தில் எந்த இலக்கத்தில் முறைப்பாடு என்று எழுதுங்கள். முறைப்பாடு பிந்தியிருந்தால் பிரதேச செயலகத்துக்குக் கூடப் போங்கள். அலுவலகத்துக்குக் கடிதம் போட்டு, பதில் வராவிட்டால் நினைவூட்டல் போடுங்கள். பாட்டுக்கு முன் அரை மணித்தியாலம் ஒதுக்கி, இந்த மாதம் எந்தக் கடிதத்துக்குப் பதில் வந்தது, எதற்கு வரவில்லை என்று வாசியுங்கள். வரவில்லை என்பதையும் வாசியுங்கள். போன்களை அவர்கள் கையிலேயே விட்டுவிடுங்கள்.